கம்பளத்து மூலையும் அறுநூறு லென்ஸும்

600 என்ற எண் வருவதற்கு முன்னால் புஷாயிப் லஹ்ரீஸிக்கு ஊலாத் ஹம்ரி ஊரில் ஒரே பெயர்தான்: படக்காரர். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்து, கையில் கிடைத்த படத்தில் தங்கள் சொந்த முகத்தையே கண்டு கோபப்பட்டவர்கள் வேறு ஏதேதோ சொன்னார்கள். அது கணக்கில் இல்லை. இப்போது கசாப்புக்கடைக்காரர் முதல் பேருந்து நடத்துநர் வரை, "அறுநூறு போறாரு பாரு" என்கிறார்கள். அது அவர் சேர்த்த சொத்துமில்லை, உழுத நிலமுமில்லை. தோளில் தொங்கும் லென்ஸின் மேல் வெள்ளை எழுத்தில் பொறித்திருக்கும் எண்.

நாற்பத்தெட்டு வயது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்டூடியோ. அதில் உண்மையில் வேலை செய்பவள் மனைவி மஹ்ஜூபா. பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், பிரின்ட் போடுவது, சட்டம் மாட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. புஷாயிபின் பொறுப்பு மவ்சிம். அது ஆண்டில் ஒரு முறைதான் வரும். மற்ற மாதங்களில் அதற்காகத் தம்மைத் தயார்படுத்திக்கொண்டு காபிக்கடையில் உட்கார்ந்திருப்பார்.

அறுவடை முடிந்த தூக்காலாச் சமவெளியில் ஆகஸ்டில் நடக்கும் திருவிழா அது. பதினைந்து குதிரைகள் ஒரே வரிசையில் பாய்ந்து வரும். சேணத்தில் எழுந்து நிற்கும் பதினைந்து பேரும் தலைவர் குரல் கொடுத்ததும் துப்பாக்கியை வெடிக்கவைப்பார்கள். ஒரே ஓசையாகக் கேட்டால் குலத்துக்குப் பெருமை. பொரி பொரிகிற மாதிரிக் கேட்டால் அடுத்த மவ்சிம் வரை அந்தக் குழுவில் பெண் கொடுக்கவும் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிப்பார்கள்.

ஓட்டம் முடிகிற இடத்தில் பெரிய கூடாரம். அதன் முன்னே வெட்டவெளியில் கம்பளம். கம்பளத்தில் ஊர் அதிகாரியான காயித், சபை உறுப்பினர், நாலைந்து ஹாஜிகள், நடுவில் தேநீர்த் தட்டு. அந்தக் கம்பளத்தின் இடது மூலை ஒன்பது ஆண்டுகளாகப் புஷாயிபுடையது. குதிரைக் குழுத்தலைவர் ஹாஜ் தாமி கொடுத்த இடம். காயித் குடிக்கிற அதே பானைத் தேநீர் படக்காரருக்கும் வந்தது. காயித் இதுவரை அவரிடம் பேசிய ஒரே வாக்கியம் "கொஞ்சம் தள்ளு" என்பது. அதையும் காயித் அன்பாகச் சொன்னதாகவே புஷாயிப் நினைவில் வைத்திருந்தார்.

இந்த மூலைக்குத்தான் போன ஆண்டு ஆபத்து வந்தது.

காசாபிளாங்காவிலிருந்து லுப்னா என்ற பத்திரிகைப் படக்காரி வந்திருந்தாள். அவளுக்குக் கம்பளத்தில் யாரும் இடம் கொடுக்கவில்லை. கூடாரத்துக்கு ஒரு பக்கமாக வெகு பின்னால், சாலை மேட்டில் நின்ற வைக்கோல் லாரியின் மேல் ஏறி நின்று எடுத்தாள். பாவம், நாதியில்லாத பிள்ளை என்று புஷாயிப் மனதார இரக்கப்பட்டார். ஓட்டம் முடிந்ததும் அவள் இறங்கிவந்தாள். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். ஹாஜ் தாமி தேநீரைக் கீழே வைத்தார். லென்ஸை வாங்கி எடை பார்த்தார். தோளில் வைத்துக் குறி பார்த்தார். பிறகு கம்பளத்து மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா புஷாயிப், உன்னோடது மட்டும் ஏன் காபிக் கோப்பை மாதிரி இருக்கு?"

கம்பளம் முழுக்கச் சிரித்தது. காயித்கூடச் சிரித்தார். புஷாயிபும் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஹாஜ் புதிதாக விருந்தினர் கூடம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு சுவர் முழுவதையும் ஒரே படத்துக்காகக் காலியாக விட்டிருந்தார். பதினைந்து துப்பாக்கி, ஒரே புகை, அதுதான் படம். ஆணியும் அடித்தாகிவிட்டது. அடுத்த மவ்சிமில் யார் அந்தப் படத்தைக் கொடுக்கிறார்களோ, மூலை அவர்களுக்கு என்று சொல்லிவிட்டார்.

புஷாயிப் ஆராய்ச்சியில் இறங்கினார். குளிர்காலம் முழுக்க காபிக்கடையில் கைப்பேசியில் காணொளி பார்த்தார். செங்கல் சுவரைப் படமெடுத்து, ஓரத்துச் செங்கல் நடுச் செங்கலைவிடக் கொஞ்சம் மங்கல் என்று கண்ணீர்விடாத குறையாக விளக்கும் ஜெர்மன்காரர் ஒருவர் அவருக்குக் குருவானார். எழுபதிலிருந்து இருநூறு வரை போகிற தம் பழைய லென்ஸ் எவ்வளவு கேவலமானது என்பது ஒன்பது ஆண்டுகளில் தெரியாதது, ஒன்பது காணொளிகளில் தெரிந்துவிட்டது. எண் கூடக் கூடத் தூரம் கிட்டே வருமாம்; நூற்றைம்பதிலிருந்து அறுநூறு வரை இழுக்கக்கூடிய ஒன்றில் மனம் நின்றது. காபிக்கடையில் எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். யாரும் கேமராவைத் தொட்டதில்லை. ஆகவே எல்லோரிடமும் தெளிவான கருத்து இருந்தது. நீளமானதே நல்லது.

மஹ்ஜூபா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எவ்வளவு தூரத்துல நின்னு எடுக்கப் போற?"

கல்யாண ஆல்பத்துக்குப் பசை தடவுகிறவளுக்கு இதெல்லாம் புரியாது என்று விளக்கிவிட்டு, புஷாயிப் காசாபிளாங்காவுக்குப் பஸ் ஏறினார்.

தர்ப் கல்லெஃப் சந்தையில் பழைய லென்ஸ் விற்கும் நபீல் தகரக்கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். அறுநூறை எடுத்துக் கொடுத்தான். புஷாயிப் அதைத் துப்பாக்கி பார்க்கிற மாதிரி பார்த்தார். கையில் தூக்கிக் கனம் பார்த்தார், தோளில் பொருத்தினார், மூன்று சந்து தள்ளி ஒரு மொட்டைமாடியில் கொட்டாவி விட்ட பூனையின் மேல் குறிவைத்தார். மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. பூனை மீசை எண்ணுவது தம் தொழிலா என்று அவருக்குத் தோன்றவில்லை.

"எங்க நின்னு எடுப்பீங்கண்ணே?" என்று நபீல் கேட்டான்.

"முன்னாடி. கம்பளத்துல. காயித் பக்கத்துல."

"அப்ப இது உங்களுக்கு ஆகாது. கையில இருக்கிற எழுபது-இருநூறே அந்த இடத்துக்கு அளவெடுத்துத் தச்சது. டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க."

வேறு ஊர்க்காரர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார். தூக்காலாக்காரர் குதிரைச் சந்தையில் வளர்ந்தவர். அங்கே விற்கிறவன் "இந்தக் குதிரை உனக்கு ஆகாது" என்றால், இதில் ஏறுகிற அளவுக்கு நீ ஆள் இல்லை என்று பொருள். அதைக் கேட்ட பிறகு குதிரையோடுதான் வீடு திரும்ப வேண்டும்; இல்லாவிட்டால் முகத்தைச் சந்தையிலேயே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நபீல் இரண்டாம் முறையும் வேண்டாம் என்றான். அதோடு புஷாயிபுக்குச் சந்தேகம் தீர்ந்தது: பெரிய மனிதர் யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறான். பழைய லென்ஸையும் மேலே கொஞ்சம் பணத்தையும் அவன் மடியில் வைத்துவிட்டு, அறுநூறைக் கம்பளிப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். வழிநெடுக மடியில் குழந்தை மாதிரி.

ஊர் மெச்சியது. கசாப்புக்கடைக்காரர் அதன் வழியாகத் தம் போட்டிக் கடையைப் பார்த்து, அங்கே ஈ அதிகம் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பெயர் அன்றைக்கே மாறியது.

மவ்சிமின் முதல் நாள். கம்பளத்து மூலையில் புஷாயிப், மடியில் அறுநூறு. ஹாஜிகள் எட்டிப் பார்த்தார்கள். காயித் அவருடன் தம் இரண்டாவது வாக்கியத்தைப் பேசினார்: "இது எவ்வளவு தூரம் பாக்கும்?" அந்த நிமிடம் போட்ட பணம் திரும்பிவிட்டது.

தூரத்தில் வரிசை அசைந்தது. லென்ஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பினார். ஹாஜ் தாமியின் முகம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது; வியர்வை தெரிந்தது, பல்லிடுக்கு தெரிந்தது. குதிரைகள் நெருங்க நெருங்க முகம் போய் மூக்கு மட்டும் நின்றது. வளையத்தை அவசரமாகப் பின்னால் திருப்பினார். நூற்றைம்பதில் முட்டி நின்றது. அதற்குக் கீழே போகாது. துப்பாக்கிகள் வெடித்தபோது சட்டத்துக்குள் இருந்தது ஐந்து குதிரை. புகை கலைந்தபோது இரண்டு.

மாலையில் ஹாஜ் கேமராவின் திரையைக் கண்ணருகே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மூக்கு நல்லா வந்திருக்கு. மத்தவங்க எல்லாம் மக்காவுக்குப் போயிட்டாங்களா?"

மஹ்ஜூபாவும் படங்களைப் பார்த்தாள். "ஏ மனுஷா, இந்த லென்ஸுக்குத் தூரம் வேணும். உனக்குக் கம்பளம் வேணும். ரெண்டுல ஒண்ண விடு."

இரண்டையும் விடாமலிருக்க வழியிருக்கும் என்று புஷாயிப் நம்பினார். மறுநாள் கம்பளத்திலிருந்து அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்து, ஹாஜிகளின் செருப்புகளைத் தாண்டி, கூடாரத்தின் பின்துணிவரை போய்ச் சாய்ந்தார். இப்போது எட்டு குதிரை வந்தது. கூடவே கூடாரக் கம்பம் வந்தது, உறுப்பினரின் பிடரி வந்தது. வெடித்த அந்தச் சரியான நொடியில் யாரோ உயரத் தூக்கி ஊற்றிய தேநீர், படத்தின் நடுவே பொன்கம்பி மாதிரி இறங்கியது. தேநீர்க்கடை விளம்பரத்துக்கு அருமையான படம்.

மிச்சமிருந்தது கடைசி நாள். சாலை மேட்டில் அதே வைக்கோல் லாரி, மேலே லுப்னா. காலையில் ஹாஜ் தாமி அவளுக்கு ஆள்விட்டுப் படம் காட்டச் சொன்னார் என்ற செய்தி கம்பளத்துக்கு வந்தது. தேநீரோடு சேர்ந்தே வந்தது.

கடைசி ஓட்டத்துக்குக் குதிரைகள் திரும்பி நின்றபோது புஷாயிப் எழுந்தார். ஒன்பது ஆண்டுகளில் ஓட்டத்துக்கு முன்னால் அவர் எழுந்ததில்லை. எங்கே போகிறார் என்று ஹாஜிகள் கேட்டார்கள். உறுப்பினர் கேட்கவில்லை, அதற்குள் மூலைக்கு நகர்ந்து காலை நீட்டிவிட்டார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளை ஜிலாபா அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க மேட்டில் ஏறினார். லுப்னா கை கொடுத்துத் தூக்கினாள்.

"கம்பளம் என்னாச்சு, அண்ணே?"

"ரொம்பக் கிட்ட இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. வைக்கோலில் இடம் விட்டாள். சற்று நேரத்தில் ஹாஜின் ஆள் மறுபடி வந்து கூப்பிட, படம் காட்டக் கீழே இறங்கிப் போனாள். நேரம் தவறாத பெண். ஆனால் ஹாஜிகளின் நேரம் அவளுக்குத் தெரியாது. ஹாஜ் அப்போதுதான் குதிரை ஏறியிருந்தார். அவள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கையில் வரிசை பாய்ந்தது.

லாரிமேல் புஷாயிப் மட்டும். வளையத்தை இழுத்தார், தளர்த்தினார். வரிசை முழுவதும் உள்ளே வந்தது, ஓரத்தில் கொஞ்சம் காற்றும் மிச்சமிருந்தது. குரல் கேட்டது. பதினைந்தும் ஒரே ஓசையாக வெடித்தன. படம் கேமராவுக்குள் விழுந்தது.

அன்றிரவு மஹ்ஜூபா படத்தைக் கணினியில் திறந்தாள். பதினைந்து துப்பாக்கி, ஒரே புகை. ஆனால் நீள லென்ஸ் தூரத்திலிருந்து பார்க்கும்போது இடைவெளியை மடித்துவிடும். முப்பது அடி எடுத்துவைத்தாலும் எட்டாத குதிரைகள் கம்பளத்தின் மேலேயே குதிப்பது போலிருந்தது. கீழே காயித் இரண்டு காதிலும் விரலைத் திணித்துக்கொண்டு குனிந்திருந்தார். மூலையில் உறுப்பினர் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டிருந்தார். குதிரையின் குளம்பு அவர் தலைப்பாகையைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

மஹ்ஜூபா திரையின் ஓரத்தில் ஒரு எண்ணைக் காட்டினாள். படம் எடுத்தபோது வளையம் நின்ற இடம்: 180.

"பழைய லென்ஸ் எதுவரைக்கும் போகும்?" என்றாள்.

இருநூறு வரைக்கும் போகும். லாரியில் ஏறுவதுதான் தேவைப்பட்டது. புஷாயிப் மின்விசிறியின் திசையைச் சரிசெய்தார்.

படம் சட்டமேறி விருந்தினர் கூடத்துக்குப் போனது. புஷாயிபும் மஹ்ஜூபாவும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிச் சென்றார்கள். ஹாஜ் தாமி முதலில் துப்பாக்கிகளை எண்ணினார். பிறகு புகையைப் பார்த்தார். பிறகு கண் கீழே இறங்கியது. ஹாஜின் வயிறு சிரிப்பில் மெல்லக் குலுங்கத் தொடங்கியது.

"காயித் காத பொத்திக்கிட்டிருக்கான்," என்றார். "என் குதிரைக்குப் பயந்து."

ஆணி அந்தக் கணமே நிறைந்தது. காயித்தையும் உறுப்பினரையும் வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் விருந்துக்கு அழைத்து, படத்துக்கு நேர் எதிரே உட்காரவைப்பது என்றும் முடிவானது.

மூலை விஷயத்தைப் புஷாயிப் நாசூக்காக நினைவுபடுத்தினார்.

"உன் இடம் இனிமே லாரிதான்ப்பா," என்றார் ஹாஜ், மிகுந்த மரியாதையோடு. "இப்படி ஒரு படம் கம்பளத்துல உக்காந்தா வருமா? அடுத்த வருஷமும் மேலேயே நில்லு. கிட்டத்துல எடுக்க மட்டும் மூலைக்கு வேற ஒரு ஆள் வேணும்." சட்டத்தின் சாய்வைச் சரிசெய்துகொண்டிருந்த மஹ்ஜூபாவைப் பார்த்தார். "நீ எடுப்பியாம்மா?"

"எடுப்பேன் ஹாஜ். எனக்கு மூக்கு வேண்டாம். பதினஞ்சு பேரு போதும்."

புஷாயிப் தோளில் தொங்கிய அறுநூறின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். இன்னும் அவர் மட்டும்தான் ஊரில் அறுநூறு.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மஹ்ஜூபா தர்ப் கல்லெஃபுக்குப் போகிறாள். பழைய லென்ஸை நபீல் இன்னும் விற்கவில்லையாம்.