ஈசானி மூலையில் தண்ணீர்த் தொட்டி

சித்தியின் தம்பி பூ, பழத் தட்டோடு எங்கள் மேனாம்பேட்டு வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தன் பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை வீடு கும்பகோணம், தையில் அங்கேயே முகூர்த்தம் என்று வாய் நிறையச் சொன்னவர், தட்டைச் சித்தி கையில் கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ அலைய வேணாம்கா. உன் ஒடம்பு கீற நெலமைல ஊட்லேர்ந்தே ஆசீர்வாதம் பண்ணு, போதும்" என்றார். நல்ல மனிதர்தான், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அன்பாகச் சொல்லியே ஒருத்தியை வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிடலாம் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். சித்தி தட்டை ஸ்டூல்மேல் வைத்தாள். "நான் வருவேன்" என்றாள். யாரும் நம்பவில்லை, நானும்தான்.

விஷயம் இதுதான். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு சித்தியால் நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாது, கழிவறைக்குப் போயாக வேண்டும். முட்டி வேறு மடங்காது. அதற்கு முன்னால் அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் சூப்பர்வைசர். தையல்காரிகளின் ஒரு முழு வரிசையையும் ஒரே பார்வையில் நிமிர்ந்து உட்கார வைத்தவள். சித்தப்பா போன பிறகும் யாரிடமும் கை நீட்டாமல் நின்றவள். அப்படிப்பட்டவள் கல்யாணம், காதுகுத்து, சாவு எதற்கும் போவதில்லை என்று ஆகிவிட்டது. ரயிலில்தான் கழிவறை இருக்கிறதே என்பார்கள். ஒருமுறை போனாள். ஆடுகிற பெட்டியில், உள்ளே இருந்த ஆள் வெளியே வருவதற்குள் புடவை நனைந்துவிட்டது. இறங்கிப் போன மண்டபத்தில் இருந்ததெல்லாம் குத்துக்கால் வைத்து உட்காரும் கழிவறைகள். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் அதற்குமேல் யாரிடமும் பேசியதில்லை.

தம்பி வந்துபோன மறுவாரம் சித்தி என்னைக் கூப்பிட்டு செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். எங்கேயோ வெளிநாட்டில் ஒரு குடும்பம் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது. அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் அதற்குள்ளேயே. "உன் ஜீப்பு இத இழுக்குமா?" என்றாள். இழுக்கும் என்றேன். "அப்ப செய்யச் சொல்லு."

நூம்பலில் தண்ணீர் லாரிக்கும் டிராக்டருக்கும் இழுவை வண்டி செய்துகொடுக்கும் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. வாரம் தவறாமல் சித்தி ஆட்டோவில் அங்கே போய் நிற்பாள். நூம்பலுக்கு நாற்பது நிமிடம் ஆகாது என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல். இன்றைக்கு இப்படியொரு வண்டி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். நான் சொல்வதில் முக்கால்வாசி அன்று சித்தி அந்தப் பட்டறையில் நின்று கேட்டு வாங்கியதுதான். கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருத்தி விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவு அவள்மேலேயே இடித்து நிற்கும். கைப்பிடிக் கம்பி சுவரில் இல்லாமல் சட்டத்தில் வெல்ட் ஆக வேண்டும். கழிவுத் தொட்டி பெட்டிபோல் வெளியே இழுத்துக் கொட்டக் கூடியதாக இருக்க வேண்டும். ஓடும்போது வண்டிக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது, நிறுத்தினால்தான் ஏற வேண்டும். பட்டறைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு, "அம்மா, நீ இன்ஜினீரு படிச்சிக்கினியா இன்னா?" என்று கேட்டார். "படிக்கல நைனா. விழுந்துகீறேன்" என்றாள் சித்தி.

வண்டி பதிவுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனபோது அங்கிருந்த ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது ஊடா, வண்டியாம்மா?" என்று கேட்டாராம். "ரெண்டும்தான். அதுக்காக ரெண்டு வரி போட்டுடாதீங்க" என்று இவள் சொல்ல, அந்த ஆபீஸே சிரித்திருக்கிறது.

சிரிக்காதவர் பெரியப்பாதான். வண்டி மேனாம்பேட்டு வாசலுக்கு வந்து தெற்குப் பார்த்து நின்ற அன்றே ஆரம்பித்துவிட்டார். சமையலும் கக்கூஸும் ஒரே கூரைக்குக் கீழா, விளங்குமா என்றார். பெரியம்மா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். இரண்டு நாள் கழித்து வாஸ்து பார்க்கும் ஒருவரை அழைத்து வந்தார். அந்த ஆள் உள்ளங்கையில் காம்பஸை வைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி இறங்கி, தண்ணீர்த் தொட்டி அக்கினி மூலையில் இருக்கிறது, இது வீட்டுக்கே ஆகாது, ஈசானி மூலைக்கு மாற்றியே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி நின்ற நிலையில் அக்கினி மூலை என்பது முன்பக்கம், ஈசானி மூலை என்பது வால்பக்கம். மாற்றாவிட்டால் குடும்பத்தில் ஒருவரும் கல்யாணத்துக்கு வர மாட்டோம் என்று பெரியப்பா தனியாக என்னைப் பிடித்துச் சொன்னார்.

இங்கே என் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பாகங்களை அளந்து பார்த்துத் தள்ளுவதும் ஏற்பதும்தான் எனக்கு இருபது வருஷ வேலை. அப்படிப்பட்டவன் வண்டியை நூம்பலுக்குத் திரும்ப ஓட்டிப்போய், இருநூறு லிட்டர் தொட்டியை முன்னாலிருந்து கழற்றி வாலில் மாட்டச் சொன்னேன். பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். "அண்ணாத்தே, வாலு கனத்தா வண்டி ஆடும்" என்றார். சண்டை வேண்டாமே என்று இருந்தது எனக்கு. வீட்டில் எல்லோரும் நல்லபடியாக இருக்கட்டும் என்கிற கோழைத்தனத்துக்கு நாம் வைத்துக்கொள்ளும் அழகான பெயர் அனுசரிப்பு. சித்தியிடம் பெயின்ட் வேலை பாக்கி என்று பொய் சொன்னேன்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் விடியலில் கிளம்பினோம். பெரியப்பா, பெரியம்மா, மற்றவர்கள் எல்லாம் வேனில். சித்தியும் நானும் ஜீப்பில், பின்னால் அவளுடைய வீடு. அம்பத்தூரைத் தாண்டுவதற்குள்ளேயே ஒருமுறை ஓரங்கட்டினோம். சித்தி ஏறினாள், போனாள், இறங்கினாள், சிரித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பைக் கிளப்பினேன். பூந்தமல்லி தாண்டி அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறி வேகம் எடுத்தேன். பக்கத்தில் ஒரு லாரி கடந்த காற்றில் பின்வண்டி லேசாக ஒரு பக்கம் போனது, திரும்ப மறுபக்கம் போனது, பிறகு ஜீப்பின் பின்பாகத்தையே பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. நான் பயந்துபோய் பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் அதிகமானது. "கால எடுடா! மிதிக்காத, கால எடு!" என்று சித்தி கத்தினாள். எடுத்தேன். வண்டி தன் பாட்டுக்கு வேகம் குறைந்து, இரண்டு மூன்று முறை சிலுப்பி, சாலையோரத்தில் நின்றது.

வேன் முன்னால் நின்று, எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் நமக்கு ஒத்து வராதுன்னு. அத இங்கயே உட்டுட்டு ஊட்டுக்குப் போம்மா. கும்பகோணத்துல நாங்க சொல்லிக்கிறோம்" என்றார் பெரியப்பா.  சித்தி வண்டியைச் சுற்றி நடந்தாள். பின்னால் வந்து தொட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதாயிற்று.

"மேனாம்பேட்டுல ஈசானி மூலைல கீற தண்ணி, பூந்தமல்லில திரும்பினா எந்த மூலைல இருக்கும்? இத அந்தாள கேட்டியா நீ?" என்றாள்.  அடுத்து பெரியப்பா பக்கம் திரும்பினாள். அவர்முன் அவள் குரலை உயர்த்தி அதுவரை நான் கேட்டதில்லை. "ஆபரேஷன் எனக்கு, அவசரம் எனக்கு, வண்டியும் எனக்கு. மூலை மட்டும் உங்களுதா மாமா? என்ன ஒரு மூலைல உக்கார வெச்சது போதும். நான் கல்யாணத்துக்குப் போறேன்."

குனிய முடியாத அந்த முட்டியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு தொட்டியின் அடிக் குழாயைத் திறந்துவிட்டாள். இருநூறு லிட்டரும் புல்லில் ஓடித் தீரும்வரை அங்கேயே நின்றாள். குடிக்க வைத்திருந்த இரண்டு கேன் தண்ணீரையும், கேஸ் சிலிண்டரையும், சீர்ப் பாத்திரங்களையும் என்னைச் சக்கர அச்சுக்கு முன்னால் தூக்கி வைத்துக் கட்டச் சொன்னாள். இணைப்புக் கொக்கியில் நல்ல பாரம் விழுகிறதா என்று கையால் தூக்கிப் பார்க்க வைத்தாள். சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கச் சொன்னாள். "இப்ப ஓட்டு" என்றாள். ஓட்டினேன். கும்பகோணம் வரை வண்டி ஒரு இம்மி ஆடவில்லை.

மறுநாள் தாலி கட்டும் நேரத்தில் சித்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை எழுந்து போய் வந்தாள். அவள் தம்பி அவளைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் அழுதார். மண்டபத்தின் பின்வாசலில், அங்கிருந்த குழாயில் பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, வண்டிக்குக் காவலாக நான் நின்றிருந்தேன். முகூர்த்தம் முடிந்து பந்தி ஆரம்பித்த பிறகு, எனக்கு முகம் தெரியாத ஒரு வயதான அம்மா வந்து, "தம்பி, இதுல உக்காந்து போற மாதிரி இருக்காமே?" என்று காதோடு கேட்டார். அடுத்து இன்னொருவர். பிறகு கைத்தடியோடு ஒருவர். காலையிலிருந்து காபி குடிக்காமல், தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். இத்தனை பேரா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, கடைசியாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெரியம்மா வந்து நின்றாள்.

அதற்குள் வண்டிப் பக்கம் வந்திருந்த சித்தி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. படியை எடுத்துப் போட்டு, "பாத்து ஏறுக்கா, கம்பியப் புடிச்சிக்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் திரும்பும்போது பெரியம்மா வேனில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் ஜீப்பின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியப்பா ஜன்னலருகே வந்து, "உனக்குமா? இத்தினி வருசமா ஏன் சொல்லல?" என்றார். "நீங்க எப்ப கேட்டீங்க?" என்றாள் பெரியம்மா. அவர் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு, தொட்டியை முன்பக்கத்துக்கே மாற்றிக்கொண்டு, ஆறு வருஷம் சித்தி ஊர் ஊராகச் சுற்றினாள். அவள் கண்மூடி இப்போது ஒரு வருஷம் ஆகிறது. வண்டி கொரட்டூரில் என் குடியிருப்பு வாசலில் நிற்கிறது. இடத்தை அடைக்கிறது என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் எடுக்க முடியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சண்டை நடக்கட்டும், எனக்கு அவசரமில்லை. எடுக்க வேண்டிய தேதியைப் பெரியம்மா சொல்லிவிட்டாள். இந்த வயதில் திருச்செந்தூர் வரை என்ன போக்கு என்று பெரியப்பா தடுக்கிறாராம். போன வாரம் போன் செய்து சொன்னாள்: "அவரு ஊட்டப் பாத்துகினு இருக்கட்டும். நீ டயருக்குக் காத்து பாத்து வெய்யி. வெள்ளிக்கிழம கெளம்பறோம்."