டாக்டர் முட்டி போடாத நாள்

முன் அறையில் நாற்காலி இரண்டு முறை ஆடி நின்ற சத்தம் கேட்டது. டக், டக்.

பின் அறையில் புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடை மடியில் வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது.

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. வருகிறவர்கள் தெரியாமல் உட்காருவார்கள், ஒரு பக்கம் சாய்ந்து திடுக்கிடுவார்கள், பிறகு அசடு வழியச் சிரிப்பார்கள். உட்காரும் முன் அதை இரண்டு முறை ஆட்டிப் பார்க்கும் ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் இந்த வாசலை மிதித்து எட்டு வருடம் ஆகிறது.

"என்னங்க, யாரு வந்திருக்காங்கன்னு வந்து பாருங்க" என்று மனைவி கூப்பிட்டாள். யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அவர் பிளேடைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

தெருவில் அவருக்குப் பெயர் புல்லு டாக்டர். முதலில் யாரோ கிண்டலாக வைத்த பெயர். காலப்போக்கில் கிண்டல் கழன்று விழுந்து பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு முன்னால் நாலடிப் புல்தரை வைத்திருக்கிறவர்கள்கூட அவரிடம்தான் ஓடி வருவார்கள். அதுவும் வெயில் காலம் வந்துவிட்டால் காலை ஆறு மணிக்கே கேட்டில் ஆள் நிற்கும்.

"டாக்டர், புல்லு மஞ்சளாகுது. என்ன உரம் போடட்டும்?"

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா பிரியாணியா சாப்பிடுவீங்க? முதல்ல வியாதி என்னன்னு பாப்போம், இருங்க."

போனதும் முட்டி போடுவார். அதுதான் அவருடைய முதல் வைத்தியம். புல்லின் நுனியை விரலில் பிடித்துப் பார்ப்பார். நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் நோய் புல்லுக்கு அல்ல, பிளேடு மொட்டை. காய்ந்த இடத்தைக் கைப்பிடியாகப் பிடித்து இழுப்பார். பாயைச் சுருட்டுவது போல் வேரில்லாமல் வந்தால், கீழே வெள்ளைப் புழு வேரைத் தின்றுகொண்டிருக்கிறது. மஞ்சள் வட்டத்தைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாக இருந்தால், "உங்க நாயைக் கூப்பிடுங்க, அதுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்பார். விடிகாலைப் பனியில் புல்மேல் பூஞ்சை பஞ்சு நூல் போல் படர்ந்திருந்தால், சாயங்காலத்தில் தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க ஈரத்தில் ஊற வைத்த வீட்டுக்காரருக்குத் திட்டு விழும். ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்துவார். இறங்காவிட்டால் மண் இறுகிவிட்டது, தோட்டத்து முள்கரண்டியால் குத்திக் காற்று விட வேண்டும். மொட்டையடித்த மாதிரி ஒட்ட வெட்டியிருந்தால் இயந்திரத்தின் வெட்டும் உயரத்தை அவரே கூட்டி வைத்துவிட்டு, அதன் திருகாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

இதில் எதுவும் இல்லை என்றால் கடைசியாக டப்பா. இரண்டு பக்கமும் மூடியை வெட்டி எடுத்த பழைய பால்பவுடர் டப்பா. பச்சையும் காய்ந்ததும் சந்திக்கிற இடத்தில் அதை மண்ணில் அழுத்தி, தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் காத்திருப்பார். உள்ளே சாறு உறிஞ்சும் பூச்சி இருந்தால் மேலே மிதந்து வரும். எள்ளில் பாதி இருக்கும், கறுப்பாக, முதுகில் வெள்ளை இறக்கையை மடித்து வைத்துக்கொண்டு.

"நின்னுக்கிட்டே நோய் பேர் சொல்றவன் டாக்டர் இல்ல, ஜோசியக்காரன்." இதை அவர் நூறு வீட்டிலாவது சொல்லியிருப்பார். பக்கத்தில் நின்று தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் அவருடைய தம்பி. பன்னிரண்டு வருடம் இருவரும் ஒரே வண்டியில் போய், ஒரே சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, ஒரே கயிற்றில் சட்டையைக் காயப்போட்டவர்கள். அண்ணன் வாயால் வேலை செய்வார், தம்பி கையால் செய்வான் என்று மனைவி கேலி செய்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எட்டு வருடத்துக்கு முந்தைய அந்த நாளுக்கு வருவோம்.

ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை வீட்டுப் புல்தரை. அகல இலைப் புல், மெத்தை மாதிரி. ஒரு மூலையில் கோரை முளைத்திருந்ததால் முந்தின வாரம்தான் தம்பி களைக்கொல்லி அடித்திருந்தான். இப்போது சிமெண்ட் நடைபாதை ஓரமாகப் புல் வைக்கோல் நிறத்தில் செத்துக் கிடந்தது. தலைமையாசிரியை அக்கம்பக்கத்து ஆட்களை எல்லாம் வரவழைத்துவிட்டு, குற்றவாளி மாணவனை நிறுத்துவது போல் இருவரையும் நிறுத்தினார்.

டாக்டர் அன்றைக்குப் புது பேண்ட் போட்டிருந்தார். அங்கிருந்து நேராக ஒரு பெரிய குடியிருப்பின் சங்கத்து ஆட்களைப் பார்க்கப் போக வேண்டும். நாற்பது வீட்டுப் புல்தரை ஒரே கையில் வரப்போகிற நாள். மடிப்புக் கலையாத வெளிர் நிறத் துணி. முட்டி போட்டால் மண் படும்.

அவர் முட்டி போடவில்லை. நின்றபடியே பார்த்தார். நின்றபடியே சொன்னார்: "களைக்கொல்லி தெறிச்சிருக்கு. ஸ்பிரேயரைச் சரியா கழுவாம அதுலயே உரத்தண்ணியும் அடிச்சிருக்கான்."

"மூணு தடவை கழுவினேன்ணே" என்றான் தம்பி. "அதுவும் கோரை இருந்த மூலையில புல்லு பச்சையாத்தானே இருக்கு? காயறது பூரா வெயில் படுற ஓரம். ஒரு தடவை டப்பா வச்சுப் பாருண்ணே. வண்டியிலதான் இருக்கு, எடுத்துட்டு வரவா?"

பத்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார் அண்ணன். "செஞ்ச தப்பை ஒத்துக்கடா. அம்மாகிட்ட மன்னிப்பு கேளு."

தம்பி அண்ணனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மன்னிப்புக் கேட்டான். செய்யாத தப்புக்கு, அண்ணன் சொன்னார் என்பதற்காக. அடுத்த நான்கு நாள் அந்தப் பட்டையைத் தனியாளாகக் கொத்தி எடுத்துப் புதுப் புல் பதித்துக் கொடுத்தான். ஐந்தாம் நாள் வேலைக்கு வரவில்லை. அதற்குள் கதை தெருவெல்லாம் பரவியிருந்தது. புல்லைக் கருக்கியவன் என்று சொல்லி எந்த வீட்டிலும் அவனைக் கேட்டுக்குள் விடவில்லை. கடைசியில் ஒரு கிடங்கில் சுமை ஏற்றப் போனான்.

இரண்டு மாதம் கழித்துத் தலைமையாசிரியையின் பக்கத்து வீட்டிலிருந்து டாக்டருக்கு அழைப்பு வந்தது. அங்கேயும் நடைபாதை ஓரம், வெயில் படுகிற இடம், அதே வைக்கோல் நிறம். அந்த வீட்டில் களைக்கொல்லி என்ற பேச்சே கிடையாது. அவர் முட்டி போட்டார். டப்பாவை அழுத்தினார். தண்ணீர் ஊற்றினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்று, மூன்று, பத்து என்று கறுப்பாக மிதந்து வந்தன. தலைமையாசிரியை வீட்டில் கொத்தியபோது வேலியைத் தாண்டி வந்தவை.

மருந்து அடித்தார். அரும்பாடுபட்டு அந்தப் புல்லைக் காப்பாற்றினார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் அவள். "நாளைக்கு" என்றார். அந்த நாளை எட்டு வருடமாக வரவே இல்லை. நாற்பது வீட்டுக்காரர்களும், 'டாக்டர் சொன்னால் தப்பாது, சொந்தத் தம்பி என்றுகூடப் பார்க்காமல் தப்பைச் சொன்ன மனுஷன்' என்று நம்பித்தானே வேலை கொடுத்திருந்தார்கள்?

முன் அறைக்கு வந்தார். தம்பி எழுந்து நின்றான். முடி பாதி நரைத்திருந்தது. எழும்போது ஒரு கை இடுப்பைத் தாங்கியது.

"உக்காருடா."

"நல்லா இருக்கீங்களா?"

முன்பெல்லாம் 'நீ' என்றுதான் பேசுவான். அந்த 'ங்க' அவர் நெஞ்சில் குத்தியது.

"உங்கண்ணனுக்கு என்ன தம்பி" என்றாள் மனைவி, டீ டம்ளரை நீட்டிக்கொண்டே. "ஊர்ல உள்ள புல்லுக்கெல்லாம் நாடி பாக்குறாரு. வீட்டுல இருக்கிற மனுஷிக்கு முட்டி வலி, அதுக்கு மட்டும் மருந்து தெரியாது."

தம்பி சிரித்தான். பழைய சிரிப்பின் ஓரம் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு வந்த விஷயத்தைச் சொன்னான்.

"முதுகு போயிருச்சு. இனிமே மூட்டை தூக்கக்கூடாதுன்னுட்டாங்க. ஒரு பெரிய ஆபீஸ்ல புல்தரை பாத்துக்க மேஸ்திரி வேணுமாம். நிழல்ல நின்னு ஆளுங்களை மேய்க்கிற வேலை. என்கிட்ட எல்லாம் கேட்டாங்க, சரியாத்தான் சொன்னேன். ஆனா அங்க ஆளெடுக்கிறவரு, அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவோட அக்கா பையன்."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"உங்க அண்ணன் ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்னாரு. அன்னைக்குப் புல்லு செத்தது என்னால இல்லன்னு. நாளைக்குக் காலையில குடுக்கணும். வேற எதுவும் கேட்டு வரலை."

"தாள் எடுத்துட்டு வரேன்" என்று டாக்டர் உள்ளே போனார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"இன்னைக்காவது உள்ளதை எழுதிடுங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"இப்பப் போய் எழுதினா, எட்டு வருஷமா நான் பொய் சொல்லிட்டு இருந்தேன்னு ஆகாதா?"

"ஆகும். அதனால என்ன?"

"அந்தம்மா கைக்குத்தான் அது போகும். அப்புறம் எவன் என்னைக் கேட்டுக்குள்ள விடுவான்?"

"தம்பியை எவன் விட்டான்?"

அவர் உட்கார்ந்தார். தாளை முழங்கால்மேல் வைத்து நெடுநேரம் யோசித்தார். பேனா மூன்று முறை எழும்பியது. யாருக்கும் சேதாரம் இல்லாத ஒரு வழி அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் மனசு லேசானது. எழுதி, கையெழுத்துப் போட்டு, முகத்தில் ஒரு பெருந்தன்மையோடு வெளியே வந்து நீட்டினார்.

தம்பி நிதானமாகப் படித்தான்.

'இவர் என் உடன்பிறந்த தம்பி. வேலையில் கெட்டிக்காரர். முன்பு ஒருமுறை கவனக்குறைவால் நேர்ந்த தவறை உணர்ந்து முழுமையாகத் திருந்திவிட்டார். இனி அப்படி நடக்காது என்பதற்கு நான் பொறுப்பு.'

"நானே பொறுப்புன்னு போட்டிருக்கேன்" என்றார் டாக்டர். "இதுக்கு மேல என்ன வேணும்? என் பேச்சுக்கு மதிப்பு இருக்குல்ல."

தம்பி தாளை மடிக்கவில்லை. நிமிர்ந்து அலமாரிமேல் பார்த்தான். டப்பா அங்கேதான் இருந்தது, விளிம்பில் துரு ஏறி. போய் எடுத்தான். இரண்டு பக்கமும் திறந்த அந்த டப்பாவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அண்ணனைப் பார்த்தான். ஒரு நொடி, சின்ன வயதில் விளையாடுகிறவன் போல இருந்தது.

"பக்கத்து வீட்டுல நீங்க இதை வச்ச அன்னைக்கு நான் தெருமுனையில நின்னுட்டு இருந்தேன்ணே."

டாக்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"கிடங்குக்குப் போற வழி அது. தண்ணி ஊத்தினீங்க. குனிஞ்சு பாத்தீங்க. பாத்துட்டு, தலையில கை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டீங்க. அப்பவே புரிஞ்சுது எனக்கு. சாயங்காலம் நீங்க வருவீங்கன்னு ஓடிப்போய் வீட்டைப் பெருக்கி வச்சேன். என் பொண்டாட்டி கேட்டா, யாரு வராங்கன்னு. எங்க அண்ணன் வராரு, நல்லதா எதாவது செய்யின்னு சொன்னேன்."

அவன் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவருக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

"செஞ்சு வச்சா. ஆறிப்போச்சு. நாங்களே சாப்பிட்டோம்."

"தம்பி..." என்றார் அவர். வாய் திறந்தது. கண்ணும் கலங்கியது. எழுதிய தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுத ஒரு நொடி போதும். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அந்தம்மா வீட்டுலயும் இதே பூச்சிதான்னு எப்படிடா உறுதியா சொல்ல முடியும்?"

சமையலறை வாசலில் நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பி தலையை மட்டும் ஆட்டினான், நோய் என்னவென்று தெரிந்துவிட்ட வைத்தியனைப் போல. தாளைக் குட்டைக்கால் நாற்காலிமேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் டப்பாவை வைத்தான். டம்ளரில் மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தான். அண்ணி போட்டதை அவன் என்றைக்கும் மிச்சம் வைத்ததில்லை.

"அப்ப வேலை?" என்றாள் அவள்.

"திருந்தினவனுக்கு வேலை கிடைக்கும் அண்ணி. நான் திருந்தறதுக்கு ஒண்ணும் இல்லையே."

வாசலில் செருப்பைத் தேடி, குனிய முடியாமல் கால் விரலாலேயே துழாவி மாட்டிக்கொண்டான். அவள் கூடவே போனாள்.

"போறேன் அண்ணி."

முன்பெல்லாம் அவன் வாய் தவறி அப்படிச் சொன்னால், 'போயிட்டு வரேன்னு சொல்லுங்க' என்று அவள் அதட்டி நிறுத்தி, திருத்தின பிறகுதான் அனுப்புவாள். இன்றைக்கு அவள் திருத்தவில்லை. இடுப்பில் கை வைத்தபடி அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே, நாற்காலிக்கு முன்னால், டாக்டர் மெல்ல முட்டி போட்டு உட்கார்ந்தார். டப்பாவைத் தொடக் கை நீட்டினார், தொடவில்லை.

அவள் திரும்பி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து வாசல் கதவைச் சாத்தினாள்.