மூன்று வீட்டுப் பேப்பர்

திருவானைக்காவலில் எங்கள் தெருமுனையில் துணி தேய்த்துக்கொடுத்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் எந்தப் பேப்பர் வாங்குகிறார்கள் என்பது அத்துப்படி. முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, ஒரே செய்தியை மூன்று வீட்டாரிடம் தனித்தனியாகக் கேட்பார். மூவரும் மூன்று விதமாகச் சொல்வோம். அதற்குப் பிறகுதான் எதை நம்புவது என்று அவர் முடிவெடுப்பார்.

அவர் மகன் வளைகுடா நாட்டில் லாரி ஓட்டினான். அவன் இருந்த ஊரில் குண்டு விழுந்த மறுநாள் காலை, அவனுக்குப் போன் போகவில்லை. பேப்பரோடு வந்த என்னை நிறுத்தினார்.

“என்னங்க போட்டிருக்கான்?”

நான் பேப்பரை மடித்துக்கொண்டேன். “ஊருக்கு வெளியதான் விழுந்துச்சாம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகலையாம்.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“எதிர்வீட்டு சாரும் இதத்தான் சொன்னாரு. டீச்சரம்மாவும் இதையேதான் சொன்னாங்க. இந்த மூணு பேப்பரும் என்னைக்குங்க ஒண்ணாப் பேசியிருக்கு? உள்ளத உள்ளபடி படிங்க.”

படித்தேன். கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டார்.

மகன் அன்று மாலையே போன் செய்துவிட்டான். ஆனால் நாங்கள் மூவரும் பேசி வைத்துக்கொள்ளாமலேதான் அந்தப் பொய்யைச் சொன்னோம் என்றால், அதை அவர் நம்புவாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.