நிமிர்ந்து பார்க்காத முகம்

என் மகள் "அம்மா" என்று கூப்பிட்டது அன்று என் காதில் விழுந்ததா, இல்லையா? ஒரு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விழுந்தது என்று ஒரு நாள் தோன்றுகிறது. விழுந்திருந்தால் பார்க்காமல் இருந்திருப்பேனா என்று மறுநாள் தோன்றுகிறது.

மயிலாப்பூரில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். எனக்குக் கட்டுப் போடும் அறையில் வேலை. வெட்டுக்காயம், சூட்டுக்காயம், ஆறாத புண் எல்லாம் காலை ஏழு மணிக்கே வரிசையில் வந்து நிற்கும். உள்ளே வருகிறவர் உயரமான பெஞ்சில் உட்காருவார். நான் எதிரே குட்டை ஸ்டூலில் இருப்பேன். புண் என் கண்ணுக்கு நேராக இருக்கும். கூட வந்தவர்களை ஆயா வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

சேர்ந்த புதிதில் நான் முகங்களைப் பார்த்தேன். கொதிக்கிற கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்ட ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்தபோது அழுகை வந்து கை நடுங்கிவிட்டது. துணி தப்பான இடத்தில் ஒட்டிக்கொண்டது. அதைத் திரும்பவும் எடுக்க வேண்டியதாயிற்று. என் அழுகையால் அந்தக் குழந்தைக்கு இரண்டு தடவை வலித்தது. அதற்குப் பிறகு புண்ணை மட்டும் பார்க்கப் பழகினேன். யுத்த காலத்துக் கூட்டத்தில் அது கெட்டிப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகும் போகவில்லை.

குளக்கரையில் காய் வாங்கும்போது யாராவது, "நல்லாக்கிறியா நர்சம்மா?" என்று கேட்பார்கள். யாரென்று தெரியாமல் விழிப்பேன். அவர்கள் புடவையைச் சற்றுத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினால், "ஓ, ஆணி குத்தின கால்!" என்பேன். இதை வீட்டில் சொல்லிச் சிரித்தபோது பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவர், "ஒரு நாள் என்னையும் மறந்துடப்போறே. எதுக்கும் ஒரு புண்ணு வெச்சுக்கறேன்" என்றார். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

நான் வேலைக்குப் போகும் நேரத்தில் என் மகளைப் பக்கத்து வீட்டு அம்மாள்தான் பார்த்துக்கொள்வார். அவர் கணவருக்கு அத்தர் வியாபாரம். என் மகள் அந்த அம்மாளைக் 'காலா' என்று கூப்பிடுவாள். அவர்கள் வீட்டில் சித்தியை அப்படித்தான் அழைப்பார்கள். நாங்கள் சாந்தோம் கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்கள் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள். நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். அது என் மகளுக்கு ஏறிக் குதிக்கத்தான் பயன்பட்டது.

போன ஐப்பசியில், நல்ல மழை நாளில், நாலரை வயதுக்காரி அந்தச் சுவரிலிருந்து வழுக்கி ஒரு சீசா உடைசலின் மேல் விழுந்தாள். அந்த அம்மாள் அவளைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறார். ஆயா புதியவள், என் மகளை அவளுக்குத் தெரியாது. அம்மாளை வாசலில் நிறுத்திவிட்டு, குழந்தையை மட்டும் தூக்கி வந்து பெஞ்சில் வைத்தாள்.

நான் சேறு படிந்த ஒரு முழங்காலைப் பார்த்தேன். கழுவினேன். கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்தேன். டிஞ்சர் போட்டேன். மேலேயிருந்து "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. அந்த அறையில் எல்லாரும் அம்மா என்றுதான் சொல்வார்கள், பல் போன கிழவர் உள்பட. கட்டி முடித்தேன்.

"ஆச்சு. நனைக்காத. நாளன்னிக்கு வா. அடுத்தது!"

முழங்கால் அசையவில்லை. வாசலிலிருந்து அந்த அம்மாள் சிரித்தார். "இன்னா தங்கச்சி, நாளன்னிக்கு வான்றே? சாயங்காலம் நீ வூட்டுக்கு வர மாட்டியா?"

அப்போதுதான் நிமிர்ந்தேன். என் மகள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, டாக்டரம்மாவைப் பார்ப்பதுபோல மரியாதையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கி அணைத்துக்கொண்டேன். ஆனால் வரிசையில் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் அவள் அப்பாவிடம், "அம்மா வலிக்காமக் கட்டினாங்கப்பா" என்று பெருமையாகச் சொன்னாள். நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என்ன பாவம் என்று சொல்வதில்தான் சிக்கல்.

"புள்ளைய அடிச்சியா?" என்று கேட்டார் சாமியார்.

"இல்ல சாமி."

"கவனிக்காம விட்டியா?"

"நல்லாத்தான் கட்டினேன் சாமி. சீழ் கூட வைக்கல."

நடுவிலிருந்த தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த கேள்வி வந்தது. "அவ கூப்பிட்டது தெரிஞ்சும் பாக்கலையா? தெரியாம இருந்துட்டியா? தெரிஞ்சு செஞ்சாத்தான் பாவம்."

"தெரியல சாமி."

"எது தெரியல?"

"தெரிஞ்சுதா இல்லையாங்கறதுதான்."

மாதாவை நோக்கி மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். பாவத்துக்காகவா, எதற்கும் இருக்கட்டும் என்றா, அதுவும் எனக்கு விளங்கவில்லை.

இனி முகம் பார்த்துத்தான் கட்டுவது என்று தீர்மானித்தேன். ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துப் பெயரைக் கேட்டேன். வரிசை நகரவில்லை. "இன்னா நர்சம்மா, பொண்ணு பாக்க வந்துகிறியா? சீக்கிரம் கட்டும்மா!" என்றார் ஒரு வண்டிக்காரர். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பத்தாம் நாள், கை வெந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் பழைய நடுக்கம் வந்துவிட்டது. மறுநாள் முதல் திரும்பவும் புண்ணை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன்.

என் மகளின் முழங்கால் ஆறி, வெள்ளைக் கோடாகிவிட்டது. அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. நேராக மடியில் வந்து ஏறுவதில்லை. என் எதிரே நின்று பாவாடையை விலக்கி, "இங்க பாரும்மா" என்று முழங்காலைக் காட்டுகிறாள். அங்கே ஒன்றும் இல்லை. முதலில் அரிப்பு என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவினேன். ஒரு மாதம் தடவியிருப்பேன். அவளுக்கு நான் வேண்டியிருக்கிறது, அதைக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி இது என்று பிறகுதான் புரிந்தது.

காலாவிடம் அவள் எதையும் காட்டுவதில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள்.

இப்போது தெருமுனையில் திரும்பும்போதே "முகம், முகம்" என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வருகிறேன். முழங்காலை நீட்டுவதற்குள் அவள் முகத்தைக் கையில் ஏந்திவிடுகிறேன். சில நாள் மறந்துபோகிறது. நேற்று மறந்துவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து சாயங்காலமும் கட்டு அறையைத் திறக்கப் போகிறார்களாம். "உன் கை வேறே யாருக்கும் வராது. இருப்பியா, மாட்டியா?" என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். நான் விலகினால் கை நடுங்கும் ஒருத்தி அந்த ஸ்டூலில் வந்து உட்காருவாள். இருந்தாலோ, என் மகள் முழங்காலைக் காட்டிக்கொண்டே வளர்ந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

இதைப் படிக்கும் சகோதரிகளில் நர்ஸாகவோ மருத்துவச்சியாகவோ இருந்துகொண்டு பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள்? முகத்தைப் பார்த்துக்கொண்டே கை நடுங்காமல் கட்ட ஒரு வழி உண்டா? இல்லையென்றால் நான் வேலையை விட்டுவிடுவதுதான் சரியா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.