பெட்டிக்குள் சிரித்தவர்கள்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா பகுதியில், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த வயதான இத்தாலிய அம்மா ஒருவரை ஊரிலிருந்து வந்த அண்ணை ஒருவரும் நானும் முறை மாற்றிப் பார்த்துக்கொண்டோம். கிறிஸ்து பிறந்த அந்த நத்தார் நாள் மத்தியானம் நான் வந்த பிறகும் அவர் புறப்படவில்லை. போக இடமில்லை போலும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, தூங்கும் சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தாலியன் அவருக்கு அரைகுறை. நகைச்சுவைத் தொடர் என்றால், பெட்டி சிரித்த பிறகுதான் அவரும் சிரிப்பார். எப்போதும் ஒரு நொடி பிந்தி.

அன்று அந்தத் தொடரில், எல்லோரையும் அழவைக்கும் பழைய நத்தார் படமொன்றைக் கேலி செய்தார்கள். படத்தில், பல வருடம் கழித்து வீடு திரும்பும் தகப்பனை மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். இதிலோ மகள் கதவைத் திறந்து, "நீங்கள் ஆர்?" என்று கேட்டுவிட்டுச் சாத்தினாள். பெட்டி விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"விளங்கேல்லையோ அண்ணை?"

"விளங்கினது. என்ரை மகளும் ரெலிபோனிலை உப்பிடித்தான் கேட்டவள்." பெட்டியைக் காட்டி, "அங்கை ஆர் தங்கச்சி சிரிக்கிறவை?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. முந்தியே பதிஞ்சு வைச்ச சிரிப்பு."

"அப்ப ஒருத்தரும் சிரிக்கேல்லை." அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "வாறன்" என்று படியிறங்கினார்.

பக்கத்துக் கதிரையில் இருந்து நான் சிரித்தது அவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?