சிப்ஸ் கடையில் மாட்டியிருந்த அட்டை

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. அருவியில் குளிக்கிறோமோ இல்லையோ, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்காமல் தென்காசிக்குத் திரும்ப முடியுமா?

போன ஞாயிறு அப்படித்தான் ஒரு கடையில் நின்றேன். தராசுக்குப் பின்னால் இசக்கி. போன வருஷம் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்கு படித்தவள்.

“ஏட்டி, பிளஸ் ஒன்ல எந்த குரூப்?”

அவள் சிப்ஸை அள்ளித் தராசில் போட்டாள்… சரியாகக் கால் கிலோ.

வறுத்துக்கொண்டிருந்த அவள் அப்பா நிமிர்ந்தார். “மேல படிக்க அனுப்பலை டீச்சர். அவளுக்கு உடம்பு அறிவுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீக? படிப்பைவிட கைவேலைதான் வரும்னு கடையில நிறுத்திட்டேன். பாத்தீகளா, ஒரே அள்ளு. நீங்க எழுதுனது சரியாத்தான் இருக்கு.”

சுவரைக் காட்டினார். இலஞ்சி முருகன் படத்துக்குப் பக்கத்தில், லேமினேட் செய்து மாட்டிய ஓர் அட்டை. என் கையெழுத்து.

ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்குப் போய் வந்த சூடு அது. பிள்ளைகளின் அறிவு ஒரே வகை இல்லை. பாட்டு, படம், பேச்சு, உடல் அசைவு என்று பல வகை. எது வருமோ அந்த வழியில் சொல்லிக்கொடுத்தால் பாடம் மறக்காது, புதுக் கணக்கும் போட வரும் என்றார்கள். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

கூம்பின் கன அளவு சூத்திரம் இசக்கிக்கு நிற்கவே நிற்காது. காகிதத்தில் கூம்பு செய்து, மணலை நிரப்பி, அதே விட்டமும் உயரமும் உள்ள உருளையில் மூன்று முறை கொட்டச் சொன்னேன். பிறகு மறந்ததே இல்லை. புத்தகத்தில் இல்லாத கணக்கைக் கொடுத்தாலும் கையை ஆட்டி ஆட்டி யோசித்துப் போட்டுவிடுவாள்.

அந்த உற்சாகத்தில் ஆளுக்கொரு அட்டை எழுதி, பெற்றோர் கூட்டத்தில் கொடுத்தேன். ‘இசக்கி – உடல் இயக்க அறிவு மிகுந்தவள்.’ ஒரே வரி. விளக்கம்? டீச்சர் எழுதினால் போதாதா என்ற நினைப்பு.

“அர்த்தம் அது இல்ல அண்ணாச்சி. கையால செஞ்சு பாத்தா அவளுக்குக் கணக்கு நல்லா வரும்னு எழுதுனேன்.”

அவர் அடுப்பைத் தணித்தார். “அதை அப்படியே எழுதியிருக்கலாம்லா டீச்சர்?”

நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், சேர்த்துவிடலாம் என்றேன்.

“கடைக்கு நின்ன ஆளை அனுப்பியாச்சு. அடுத்த வருசம் பாப்போம்.”

அடுத்த வருஷம்… எத்தனை பிள்ளைகள் அப்படித் திரும்பி வந்திருக்கிறார்கள்? இசக்கி பொட்டலத்தை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது அவர் சொன்னார்: “எளையவ இப்ப ஒங்க கிளாஸ்லதான் படிக்கா. அவளுக்காவது எங்களுக்கு வெளங்குத மாதிரி எழுதுங்க.”

மார்க்குக்காவது மறுகூட்டல் உண்டு. நான் எழுதிய அந்த ஒரு வரிக்கு?