‘வேக்’ என்ற சொல்லுக்கு நான் எழுதிய வாக்கியம்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். புது ஆட்சி வந்துவிட்டதென்று கடைத்தெரு முழுக்கக் கொடி பறந்தது. எங்கள் தெருவில் மட்டும் பழையபடியேதான் பொழுது விடிந்தது. கிழக்கு வெளுக்குமுன் பண்ணைக் காரியஸ்தர் வருவார். வாசலில் படுத்திருக்கும் அப்பாவின் விலாவில் கைத்தடியால் குத்துவார்.

“நாத்து கெடக்குது, உனக்குத் தூக்கமாடா?”

அப்பா துண்டை உதறிக்கொண்டு போவார். பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலிக்கும்.

ஒருநாள் இங்கிலீஷ் வாத்தியார் கரும்பலகையில் ‘வேக்’ என்று எழுதினார். தூங்கி எழுவதும் வேக், அடுத்தவரை எழுப்புவதும் வேக், பழைய ஞாபகத்தைக் கிளறுவதும் வேக், ஏமாந்து கிடந்தவர்கள் விழித்துக்கொள்வதும் வேக் என்றார். ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார். மற்ற பிள்ளைகள் சூரியனையும் சேவலையும் எழுதினார்கள். பண்ணைக் காரியஸ்தர் என் அப்பாவைத் தடியால் குத்தி எழுப்புகிறார் என்று நான் இங்கிலீஷில் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

வாத்தியார் அதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். சூரியன் என் அப்பாவை எழுப்புகிறது என்று மேலே எழுதி, பத்துத் தடவை எழுதி வரச் சொன்னார்.

“மாட்டேன் சார். அது பொய்.”

அந்தப் பள்ளிக்கூடக் கட்டடமே பண்ணை கட்டிக் கொடுத்தது. தலைமையாசிரியர் அப்பாவை வயலிலிருந்து கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். காலில் ஈரச் சேற்றோடு அப்பா வராந்தாவில் நின்றார்.

“தெரியாம எழுதிட்டுதுங்க சார். பேர வெட்டிடாதீங்க. படிக்கட்டுங்க.”

கையெடுத்துக் கும்பிட்டார். என் நோட்டிலிருந்து அந்தத் தாளை அவரே கிழித்தார்.

திரும்பும்போது வாய்க்கால் கரையில் அப்பா நின்றார். கிழித்த தாளை மடியிலிருந்து எடுத்து, முழங்காலில் வைத்துக் கசங்கல் நீவி, என்னிடம் நீட்டினார்.

“இத ஒருவாட்டி படிச்சுக் காட்டு, பாப்பா.”

“நீதான தப்புன்னு கும்புட்டு நின்ன? போ!”

விடுவிடுவென்று முன்னால் நடந்தேன். கைநாட்டு வைக்கிற மனிதருக்கு, தன் விலாவில் விழுந்த குத்தைத் தன் மகள் இங்கிலீஷில் எழுதியதைக் காதால் கேட்க வேண்டும்போல் இருந்திருக்கிறது. பன்னிரண்டு வயசில் அது எனக்கு எங்கே தெரிந்தது? அவர் கும்பிட்டது மட்டுந்தான் தெரிந்தது.